சின்னத்துரை அண்ணையின் சேவை இலக்கம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பேப்பரில் முதல் பக்கம்கூட முடிக்கவில்லை. பக்கத்து வளவு மகேசக்கா கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை.

"மாஸ்ரர், உங்களுக்குக் கணக்குத் தெரியும்தானே?"

முப்பத்தொரு வருஷம் கணக்குப் படிப்பித்தவனிடம் கேட்கிற கேள்வி. ஓம் என்றேன்.

"நேவியிலை இருந்த ஆள் செத்துப்போனா பெண்சாதிக்கு எவ்வளவு பென்சன் வரும்? உத்தேசமா ஒரு கணக்குச் சொல்லுங்கோ பாப்பம்."

"ஆர் அக்கா நேவியிலை இருந்தது?"

"இவர்தான்."

இவர் என்றால் சின்னத்துரை அண்ணை. மகேசக்காவின் புருசன். கண்மூடி ஏழு வருஷம். மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, கொக்குவிலில் எங்கள் பக்கத்து வளவுக்கு இரண்டு பேரும் வந்து இறங்கிய அன்றைக்கே அக்கா சொல்லியிருந்தார் — 'இவர் முந்தித் திருகோணமலை ஹாபரிலை குக்.' அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்கு அவர் துறைமுகத்து ஆள், ஹாபர் அண்ணை.

விடிய ஐந்து மணிக்கு எழும்புவார். போர்வையை ஒரு சுருக்கமில்லாமல் நாலாக மடிப்பார். செருப்புக்குப் பொலிஷ் போடுவார்... ஆம், செருப்புக்கு! ஆரும் வளவுக்குள் வந்தால் விறைத்துக்கொண்டு எழும்பி நிற்பார். இதையெல்லாம் பார்த்து நான் என்ன நினைத்தேன்? ஹாபரில் நல்ல ஒழுங்கு என்று நினைத்தேன்.

"இருபத்திரண்டு வருஷம் நேவிக் குசினி, மாஸ்ரர். பிரச்சினை துடங்க முதலே பென்சனோடை வந்திட்டார். பிறகு நிலைமை மாறினாப்போலை, பென்சன் எடுக்கப் போறதையும் விட்டிட்டார். போனாத் தெரிஞ்சிடுமெல்லே?"

தெரிந்தால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு: நேவியில் இருந்தவர் என்றால் அரசாங்கத்தின் உளவாளியோ என்று இயக்கம் விசாரிக்கும். விசாரிக்கப் போனவர் எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

"இப்ப ஏன் அக்கா இதைக் கிளப்புறியள்?"

மகேசக்கா இப்போது இருப்பது அதே வளவில், தங்கச்சியின் மகளான பெறாமகள் வீட்டில், ஒரு பின் அறையில். பெறாமகள் நல்ல பிள்ளை. ஒரு குறையும் இல்லை.

"ஒரு குறையும் இல்லைத்தான். ஆனா சவுக்காரம் முடிஞ்சா அவளிட்டைத்தான் கேக்க வேணும். போன கிழமை கேட்டனான். 'அதுக்கிடையிலை முடிஞ்சிட்டுதோ பெரியம்மா?' எண்டாள். சும்மாதான் கேட்டவள். எனக்கு அழுகை வந்திட்டுது. எண்பது வயசிலை ஒரு சவுக்காரத்துக்கு நான் கணக்குக் காட்டுறதே?"

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

உத்தேசக் கணக்குப் போட என்னென்ன வேண்டும்? சேவைக்காலம். கடைசிச் சம்பளம். விதவைகள் நிதிக்குக் காசு வெட்டினார்களா இல்லையா. எல்லாவற்றுக்கும் மேலாகச் சேவை இலக்கம். அது இருந்தால் மற்றதெல்லாம் கொழும்பில் எடுக்கலாம். "அவற்றை நேவிப் புத்தகம் எங்கை?" என்று கேட்டேன்.

"எரிச்சுப்போட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டு விடிய. புத்தகம், படம், கடிதம்... எல்லாத்தையும் அடுப்புக்கை வைச்சுப் புட்டு அவிச்சனான். ரெண்டு நீத்துப்பெட்டி புட்டு, மாஸ்ரர். நல்லா அவிஞ்சுது."

ஒரு மனிதனின் இருபத்திரண்டு வருஷம். இரண்டு நீத்துப்பெட்டி.

பிரதேச செயலகத்துக்குப் போனோம். பென்சன் பகுதியில் ஒரு தங்கச்சி. மரியாதையான பிள்ளை. கதிரை எடுத்துப் போட்டது. சொப்பிங் பையிலிருந்த கடதாசிகளைப் பொறுமையாகப் பார்த்தது.

"ஐயா, மரணச் சான்றிதழிலை தொழில் 'துறைமுக ஊழியர்' எண்டெல்லோ கிடக்கு?"

கிடக்கும்தான். மரணத்தைப் பதியப் போய், தொழில் என்ற கூட்டுக்கு அதைச் சொன்னவன் நான். வலு நம்பிக்கையாகச் சொன்னேன்.

"அதைத் திருத்தலாம் ஐயா. ஆனா சேவை இலக்கம் வேணும். இந்தப் பேரிலை கனபேர் இருப்பினம். நம்பர் இல்லாட்டிக் கொழும்பிலை அவையளாலை தேட ஏலாதாம்."

"நம்பர் இல்லாமல் ஒரு உத்தேசக் கணக்கு...?"

"உத்தேசமெண்டா... இப்போதைக்கு சைபர், ஐயா."

பகிடி விடவில்லை. அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொன்னது.

திரும்பி வருகிற வழியிலேயே நான் கண்டவர்களையெல்லாம் விசாரித்தேன். சின்னத்துரை அண்ணை நேவியில் இருந்தது தெரியுமோ? எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். 'உமக்கென்ன விசரே? அந்தாள் ஹாபரெல்லோ!' ஒருவர் ஒரு படி மேலே போய், ஹாபர் வாசலில் அவரைத் தன் கண்ணாலேயே கண்டதாகச் சத்தியம் பண்ணினார். மகேசக்கா சொன்ன பொய் அவ்வளவு உறுதி.

அந்தக் கிழமை கேற்றுப் பிணைச்சல் உடைந்து வெல்டிங் கடைக்குப் போனேன். (கொக்குவிலில் வெல்டிங் கடை வைத்திருப்போர் பயப்பட வேண்டாம். தொழிலை மாற்றித்தான் எழுதுகிறேன்.) வேலை முடியும்வரை வாய் சும்மா இருக்குமா? இந்தக் கதையை அவிழ்த்துவிட்டேன். கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் கதைக்காத மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நம்பர்தானே வேணும்?" என்றார்.

"ஓம்."

"பின்னேரம் வாறன்."

வந்தார். மகேசக்காவும் என் வீட்டு விறாந்தையில் இருந்தார். கடைக்காரர் நின்றபடியே நாலு இலக்கங்களைச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன்.

"உமக்கு எப்பிடி...?" என்றார் அக்கா.

"நீங்கள் மயிலிட்டியாலை வந்த கிழமை இயக்கத்திலையிருந்து விசாரிக்க வந்தது நான்தான், அம்மா. நீங்கள் தண்ணி அள்ளப் போட்டியள். ஐயா என்னைப் பாத்திட்டு, 'பசிக்குதோ?' எண்டு கேட்டார். சோறும் கத்தரிக்காயும் தந்தார். நான் கை கழுவினாப்போலை எல்லாத்தையும் சொன்னார். நேவி, குசினி, நம்பர்... எல்லாம்."

"பிறகு?"

"ஹாபர் எண்டு எழுதிக் குடுத்தன்."

"முப்பது வருஷத்துக்கு முந்தின நம்பர் இன்னும் ஞாபகமோ?" என்றேன்.

"எழுதியிருந்தா மறந்திருப்பன், மாஸ்ரர்."

அக்காவுக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது.

"கோதாரி விழுவாரே! விசாரணை முடிஞ்சுதெண்டு ரெண்டு பேருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாதோ? இரவிரவா நித்திரையில்லாமல், ஆர் கேட்டாலும் ஹாபர் ஹாபர் எண்டு நான் சொல்லித் திரிஞ்சன்! அந்த மனுசன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

"நான்தான் சொல்ல வேண்டாமெண்டனான். நீங்கள் பயந்து பயந்து சொன்னபடியாலைதான் நல்லாச் சொன்னியள். ஊரே நம்பிச்சுது."

அக்கா அழுதார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நம்பர் எப்பிடித் தெரியும் எண்டு கந்தோரிலை கேப்பினமே?"

"கேப்பினம். நான் வந்து சொல்லுறன், அம்மா."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். அவர் முந்தி எங்கே இருந்தார் என்பது அயலில் ஒருவருக்கும் தெரியாது. சண்டை முடிந்தபிறகு இயக்கத்தில் இருந்தவர்களுக்கு வைத்த பதிவு, புனர்வாழ்வு என்று எந்த வரிசையிலும் அவர் நின்றதில்லை. மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம். புலனாய்வுக்காரர் ஆரும் விசாரிக்க வந்து கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் போதும், அந்தச் சம்பந்தம் முடிந்தது.

"நீ ஒரு இடமும் வர வேண்டாம்," என்றார் அக்கா. அதுவரை 'தம்பி' என்றுகூடச் சொல்லாதவர். "நீ போய் மகளின்ரை அலுவலைப் பார்."

அடுத்த நாள் மறுபடியும் பிரதேச செயலகம். அதே தங்கச்சி. நம்பரை எழுதி எடுத்தது. கொழும்புக்குப் போன் பண்ணியது. அந்தப் பக்கம் யாரோ தேடினார்கள். நாங்கள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கால் மணித்தியாலம்.

"இருக்குதாம், ஐயா! நிதிக்கும் காசு கட்டியிருக்கிறாராம்."

பிறகு கல்குலேற்றரைத் தட்டி, உத்தேசமாக ஒரு தொகை சொன்னது. எவ்வளவு என்று எழுதமாட்டேன். சவுக்காரத்துக்குக் காணும். மிச்சமும் வரும்.

பிறகுதான் அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா, போன முறை நம்பர் தெரியாது எண்டியள். இப்ப எப்பிடி ஞாபகம் வந்தது?"

நான் மறுபடியும் கலண்டரைப் பார்த்தேன். ஆனால் மகேசக்கா கண் இமைக்கவில்லை.

"போன முறை நீர் கேட்ட கேள்வியிலை பதறிப்போனன், பிள்ளை. புருசன்ரை நம்பர் பெண்சாதிக்கு மறக்குமே? கலியாணம் கட்டின புதுசிலை, அவர் கடிதம் போடேக்கை ஒவ்வொண்டிலையும் எழுதுவார்."

அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

அதை விடுங்கள்... உண்மை தெரிந்த நானே நம்பிவிட்டேன்.