முனிக்கு நான் சொல்லாமல் விட்ட பக்கங்கள்

சைக்ளோஸ்டைல் மை வாசனை... பேப்பரை மூக்குகிட்ட கொண்டு போனா லேசா மண்ணெண்ணெய் மாதிரி அடிக்கும். விரல்ல ஒட்டினா ரெண்டு நாள் போகாது.

எண்பதுகளோட நடுவுல, தர்மபுரியில பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம். முதல் உலகப் போர்ல சிப்பாயா இருந்துட்டு, திரும்பி வந்து போரே வேண்டாம்னு நாவல் எழுதின ஒரு வெளிநாட்டுக்காரர் எங்களுக்குப் பாடம். அவரோட வாழ்க்கையும் எழுத்தும் ஒரு எஸ்ஸே. சார் மூணு பக்கம் சைக்ளோஸ்டைல் நோட்ஸ் கொடுத்தார். மனப்பாடம் பண்ணினா பாஸ்.

லைப்ரரியில நாவல் ஒரே ஒரு காப்பி. வகுப்புல மத்தவங்க எல்லாரும் தமிழ் மீடியம். நான் மட்டும் கான்வென்ட்ல படிச்சவன், அப்பாவோட துணிக்கடை புண்ணியத்துல. அதனால நான் படிச்சு, மத்தியானம் எல்லாருக்கும் தமிழ்ல கதை சொல்லணும்னு ஏற்பாடு.

முதல் ஆளா வந்து உட்காருவான் முனிரத்தினம். கம்பைநல்லூர் பக்கம் கிராமம். மானாவாரி நிலம், மூணு வருஷமா மழை இல்ல. சாப்பாடு கொண்டு வரமாட்டான். பசிக்கலைன்னு சொல்லுவான்... நாங்களும் நம்பிக்கிட்டோம்.

கதையில எவனாவது செத்தா பசங்க கொட்டாவி விடுவாங்க. சிப்பாய்ங்களுக்குச் சாப்பாடு வர்ற இடம்னா நிமிர்ந்து உட்காருவாங்க. எனக்கும் குஷியாயிடும். புத்தகத்துல நாலே வரியில இருந்த சாப்பாட்டை நாலு நாள் சொன்னேன். சுடச்சுட ரொட்டி, தட்டு நிறைய கறி, போதாக்குறைக்குப் புது பூட்ஸ், கம்பளி... பாதி நானா சேர்த்தது. கடைசி அத்தியாயங்கள் எக்ஸாமுக்கு வராதுன்னு விட்டுட்டேன்.

"பாய், அந்தக் கறி போடற எடத்த இன்னொருக்கா சொல்லுடா" என்பான் முனி.

எஸ்ஸேல அவனுக்குத்தான் அதிக மார்க். அந்த எழுத்தாளர் போரை எவ்வளவு வெறுத்தார்னு ஒரு கமா விடாம எழுதியிருந்தான். அடுத்த மாசம் மிலிட்டரிக்கு ஆள் எடுத்தாங்க. டிகிரியை முடிக்காமலே போய் நின்னுட்டான். மொரப்பூர்ல ரயிலேத்தி விட்டது நான்தான். சிரிச்சுக்கிட்டே.

அப்புறம் சிலோனுக்குப் படை போச்சு... அவனும் போனான். ஒரே ஒரு தடவை லீவுல வந்தான். உடம்பு தேறியிருந்தது. கண்ணு மட்டும் ஒரு இடத்துல நிக்கல. டீக்கடையில டீயை ஆற விட்டுட்டுச் சொன்னான்.

"அந்தாளு எழுதுனதுல நீ எனக்குச் சோத்த மட்டுந்தான்டா சொல்லியிருக்க."

கோபமா சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். அவன்கிட்ட கோபமே இல்ல.

லீவு முடிஞ்சு திரும்பிப் போன ரெண்டாவது மாசம் தந்தி வந்தது. உடம்புகூட வரல.

அவங்கம்மாவைப் பார்க்கப் போனேன். அழுது ஓய்ஞ்சிருந்தாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"நீ படிச்ச புள்ள. நெசத்தச் சொல்லு சாமி. அங்க எம்பையனுக்கு வவுறு நெறையப் போட்டாங்களா?"

போட்டாங்கம்மான்னு சொன்னேன். சோத்துக் கதை சொன்ன அந்த வாய்க்கு வேற என்ன தெரியும்.

இப்போ அந்த மாதிரி நாவலெல்லாம் போன்லயே கிடைக்குது. போரே லைவா ஓடுது. என் பேத்தி சாப்பிட்டுக்கிட்டே பார்த்துட்டு, விரலால தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போயிடறா. கண்டிக்கலாம்னு வாயெடுப்பேன்... எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு மூடிக்குவேன்.

முனியோட அம்மா போன வருஷம்தான் போனாங்க. கடைசிவரைக்கும் என்னைப் பார்க்கிறப்பெல்லாம் அதையேதான் கேட்டாங்க. நானும் ரொட்டி, கறின்னு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.