அண்ணனைப் பற்றிய கட்டுரை

நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மற்ற ஆய்வாளர்கள் அதிகமாக மேற்கோள் காட்டுவது, என் அண்ணனின் மரணத்தைப் பற்றியது.

கேரள எல்லையில் வெள்ளறடைப் பக்கம், நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த மண்ணில்தான் எங்கள் வீடு. அண்ணன் வளைகுடாவுக்குப் போய் உழைத்து என்னைப் படிக்கவைத்தான். ஒரு மழைக்காலத்தில் விடுமுறைக்கு வந்தவன், அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்று மரச்சீனிக் கிழங்குக்குக் கம்பு நட்டான். சில நாட்களில் காய்ச்சல் வந்தது. காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். மண்ணில் வாழும் ஓர் அபூர்வ பாக்டீரியாவை, நான் வேலை பார்த்த மருத்துவமனை ஆய்வகத்தில், அவன் இரத்தத்தில் நான் கண்டுபிடித்தபோது அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. இரண்டாம் நாள் போய்விட்டான்.

கட்டுரை எழுத அம்மாவிடம் சம்மதம் கேட்டேன். "எழுது மக்கா. இனி ஒருத்தனுக்கும் இப்பிடி வரப்படாது" என்றாள்.

அதைப் படித்த மருத்துவர்கள் பல ஊர்களில் அந்த நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். எனக்குப் பதவி உயர்வும் வந்தது. கட்டுரையின் அச்சுப்பிரதியோடு ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அதுல அவனுக்க பேரு உண்டா?"

"நோயாளிக்க பேரு போடப்படாதும்மா."

"பின்ன யாருக்க பேரு?"

"எனக்க பேரு."

அம்மா கட்டுரையை வாங்கி மடியில் விரித்தாள். பிறகு, "அவனப் பற்றி எங்க எழுதியிருக்கு? வாசி" என்றாள்.

"வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஓர் ஆண், கட்டடத் தொழிலாளி" என்று, வரியைத் தொட்டுக்காட்டித் தமிழில் சொன்னேன். அந்த ஆங்கில வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.