ஜமீலா அக்கா மாற்றிக்கொண்ட படம்

போன செவ்வாய்க்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நின்றிருந்தேன். ஜமீலா அக்காவின் மகள் நசீமாவிடமிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." மனுவைக் கொடுக்காமலே ஆட்டோ பிடித்தேன்.

தேரடி வீதிப் பக்கத்தில் ஜமீலா அக்காவின் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகை உங்களில் பலர் வீட்டில் இருக்கும். எழுத்து வரைந்தது நான், சட்டத்தில் கட்டிய துணி வழியாக ரப்பர் கட்டையால் மை இழுத்தது அவர். முப்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது. ஆனால் அவர் ஒரு படம் போட்ட கதை நிறைய பேருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஒரு மழைக்காலம். ரூத் அம்மா என்ற வயதான அமெரிக்கப் பெண்மணி அடி அண்ணாமலையில் வாடகைக்கு இருந்தார். உடைந்த தமிழில் நன்றாகவே பேசுவார். கூரை ஒழுகி, அவர் சுவரில் இருந்த ஒரு படம் நனைந்துவிட்டது. அதை எங்கள் பக்கத்துப் பிரேம் கடைக்குக் கொண்டுவந்தார். ஸ்கேல் கேட்க நானும் அக்காவும் அங்கே போனபோது, கடைக்காரர் படத்தின் மேல் கத்தியை வைத்திருந்தார். "சுத்தி இருக்கிற வெள்ளைப் பேப்பர் ஜாஸ்தி. வெட்டிட்டா பிரேம்ல உக்காந்துடும்."

"பாய், கத்திய எடுங்க!" அக்கா அப்படிச் சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதில்லை.

படத்தை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தொடாமல், மையின் விளிம்புகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "காலண்டர் இல்ல இது. நாம இழுக்கிற மாதிரியே துணி கட்டி இழுத்தது. பதினோரு கலர். கீழ பாருங்க, பென்சில்ல பேரு போட்டிருக்காங்க. அதத்தான் வெட்டப் பாத்தீங்க."

ரூத் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அமெரிக்காவில் வேலையே இல்லாமல் ஜனங்கள் திண்டாடிய காலத்தில், அரசாங்கம் ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வரையச் சொன்னதாம். அதில் வேலை செய்த ஒரு பெண் போட்டது இது. தன் அம்மாவுக்குச் சிநேகிதி என்றார். படத்தில், பழம் நறுக்கும் தொழிற்சாலையில் வரிசையாகப் பெண்கள். எல்லோரும் குனிந்திருக்க, ஒருத்தி மட்டும் நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத போட்டவங்க நின்னு வேலை செஞ்சவங்கதான்" என்றார்.

படத்தை எங்கள் கடைக்கு எடுத்துவந்து, உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் வைத்து, பத்து நாள் தாள் மாற்றி மாற்றி உலர்த்தினார். ஓர் ஓரத்தில் சிவப்பு பெயர்ந்திருந்தது. அந்தச் சிவப்பை அச்சாகக் கலக்க அவரால் முடியும். ரூத் அம்மா கேட்டும் மறுத்துவிட்டார். "அவங்க கை வச்ச எடத்துல நான் வைக்க மாட்டேம்மா."

"சரி, உங்க படம் எங்க?" என்று கேட்டார் ரூத் அம்மா.

அக்கா சிரித்தார். "நான் பத்திரிகை அடிக்கிறவம்மா. அதுல மாப்பிள்ளை பேருதான் வரும்."

சிரித்தாரே தவிர, அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஆர்டர் இல்லாத மாதத்தில், மரத்தடியில் உட்கார்ந்து நிலக்கடலை ஆயும் பெண்களை வரைந்தார். மலை ஓர் ஓரத்தில் பாதிதான் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "மலைய எல்லாரும் போட்டாச்சு சரசு. இவங்கள யாரு போட்டாங்க?"

முதல் தடவை மண் நிறம் ஒரு நூல் அளவு விலகி, முப்பது தாளும் வீணாயின. அடுத்த மாதம் மறுபடி ஆரம்பித்தார். ஒன்பது நிறம், இருபது தாள் தேறின. பெயர் எழுதப் பென்சிலை எடுத்ததும் கை நின்றுவிட்டது.

"இவளுக்கு என்ன இவ்ளோ பெருமைன்னு கேப்பாங்க இல்ல?"

"கேட்டா என்ன சொல்வீங்க?"

"நான்தான் போட்டேன்னு சொல்வேன்." இருபதிலும் 'ஜமீலா' என்று எழுதினார்.

ஊருக்குத் திரும்பும் முன் ரூத் அம்மா அந்தத் தொழிற்சாலைப் படத்தோடு கடைக்கு வந்தார். "மாத்திக்கலாமா? உங்களது ஒண்ணு எனக்கு."

"ஐயோ, அது பெரியவங்க போட்டது!"

"இதுவும்தான்" என்றார் ரூத் அம்மா.

பல வருடம் கழித்து, பழைய படங்கள் வாங்கும் ஒருவர் அதைக் கேட்டு இரண்டு முறை வந்தார். "வாங்கினதில்லைங்க, மாத்திக்கிட்டது. திரும்ப மாத்தணும்னா அந்தம்மாதான் வரணும்" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார் அக்கா.

அந்தப் படம் இனி நசீமாவுக்கு. அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகைக்கு அக்கா பச்சை மை கலந்து மூடி வைத்திருந்தார். எழுத்து வரைவது மட்டுமே என் வேலையாக இருந்தது; ரப்பர் கட்டையை நான் பிடித்ததே அபூர்வம். பிடித்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நடுவுல நிறுத்தாத. நிறுத்தினா கோடு விழும்." முந்நூறு பத்திரிகையையும் நானே இழுத்தேன். ஒன்றில்கூடக் கோடு விழவில்லை. அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன்.