ஆற்றோரச் சத்திரத்தில் நான் செத்த கதை

எண்பதுகளின் கடைசியில், லண்டனுக்கு வந்த புதிதில், ஒரு பழைய சத்திரத்தில் அறை துப்புரவு செய்தேன். தேம்ஸ் ஆற்றோரம். கீழே பியர் விற்பார்கள், மேலே வாடகைக்கு விடுகிற சில அறைகள். ஈஸ்ட் ஹாமில் இருந்து காலையில் பஸ் பிடித்துப் போவேன். சத்திரம் என்று நான்தான் மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் சத்திரம் என்றால் வழிப்போக்கனுக்கு ஒரு பிடி சோறாவது கிடைக்கும். இங்கே காசில்லாதவன் மழைக்கு ஒதுங்கினாலே முதலாளி வாசலுக்கு வந்து முறைப்பார்.

முதலாளி முன்பு பழைய கார் விற்றவர். கழுத்து இல்லாத, சிவந்த முகத்து மனிதர். கட்டடத்தை வாங்கியதோடு அதன் சரித்திரத்தையும் தானே பெற்று வளர்த்ததுபோல் பேசுவார். ஒரு ராசா எதிரிகளுக்குப் பயந்து இந்தப் புகைபோக்கிக்குள் ஒளிந்திருந்தாராம். இந்தக் கயிற்றில்தான் ஒரு கடற்கொள்ளைக்காரனைத் தூக்கிலிட்டார்களாம். ஒரு வழிப்பறிக்காரன் பிடிபடுவதற்கு முன் கடைசியாகக் குடித்தது இந்தக் குவளையிலாம். வெளிநாட்டுப் பயணிகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். பிறகு இன்னொரு பியர் வாங்குவார்கள்.

இவற்றையெல்லாம் தினமும் தூசி தட்டியவள் நான். ராசாவின் புகைபோக்கிக்குள் சிவப்பு பல்ப் போட்ட மின்சார அடுப்பு இருந்தது. பல நூறு வருஷத்து உத்திரம் என்று அவர் தட்டிக் காட்டாமல் கவனமாகக் கையால் மட்டும் சுட்டுகிற மரத்தை ஒருநாள் அழுத்தித் துடைத்தேன். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. உள்ளே, புது ரீவி வாங்கினால் பெட்டிக்குள் உடையாமல் அடைத்து வருமே, அந்த வெள்ளை நுரைச் சாமான். குவளையின் வரலாற்றைச் சமையலறையில் வேலை செய்த அயர்லாந்துக்காரி சொன்னாள். பழையது உடைந்த பிறகு முதலாளி சந்தையில் புதிதாக ஒன்று வாங்கி, கறுக்கட்டும் என்று தேயிலைச் சாயத்தில் ஊறப் போட்டாராம்.

அந்த மாரிக் குளிரில்தான் நான் செத்தேன்.

மேல்மாடி நடைபாதைக்கு முதலாளி ஹீட்டர் போடுவதில்லை. ஒரு காலை குளிர் தாங்காமல், கொண்டுபோன படுக்கை விரிப்பு ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கை நிறையத் தலையணை உறைகளுடன் நடந்தேன். ஓர் அறைக் கதவு திறந்தது. அமெரிக்கக் கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து வீரிட்டாள். “குட் மோர்னிங், மடம்” என்று சொல்வதற்குள் கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

குப்பையோடு கீழே போனபோது அவள் முதலாளியிடம் நடுங்கி நடுங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளை உடுத்த, மண்ணிறப் பெண். கண்ணில் அப்படியொரு துயரம். எனக்குத் துயரம் இல்லை, மூக்கொழுகும் தடிமன். முதலாளி ஒரு கணம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நீங்களும் பார்த்துவிட்டீர்களா? அது ஆயா.”

அவள் காலைச் சாப்பாட்டை முடிப்பதற்குள் கதையும் முடிந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க மதராஸிலிருந்து ஒரு கப்பல் கப்டன் கூட்டிவந்த ஆயா. கப்டனுக்கும் அவளுக்கும் காதல். திரும்பி வருவேன் என்று அவளை இந்தச் சத்திரத்தில் விட்டுப் போனான், வரவில்லை. அவள் ஜன்னலில் நின்று கப்பல்களைப் பார்த்துப் பார்த்தே செத்தாள். கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போனதும் முதலாளியிடம், “சேர், அது நான்” என்றேன்.

“எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டிரு.”

சில வாரங்களுக்குள் ஆயா சாப்பாட்டு அட்டையிலும் ஏறிவிட்டாள். ஆயாவின் கோழிக்கறி. அயர்லாந்துக்காரி தகரத்து மஞ்சள் தூளும் திராட்சை வற்றலும் போட்டுக் காய்ச்சுவாள். “என்னைத் திட்டாதே, அவர் சொன்னபடி செய்கிறேன்” என்பாள்.

அப்படியான பெண்கள் உண்மையில் இருந்தார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கடல் முழுக்கத் தூக்கிச் சுமந்து வந்தவர்களை, கரை சேர்ந்ததும் திரும்பிப் போகப் பயணக் காசுகூடக் கொடுக்காமல் இதே நகரத்தில் கைவிட்டிருக்கிறார்கள். அதில் காதலும் இல்லை, ஜன்னலும் இல்லை. அந்த அநியாயத்துக்குச் சீனி பூசி, கறிக்குப் பெயர் வைத்து விற்ற மனிதரிடம்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

பிறகு ஒருநாள் கூப்பிட்டார். வெள்ளி பின்னேரம் ஒரு கூட்டம் பேய் பார்க்க வருகிறது, வெள்ளைத் துணி போர்த்து நடைபாதையால் ஒருதரம் நடந்தால் போதும் என்றார். யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார்.

“இஞ்சாரும், நடந்து காட்டினால் உமக்கு என்ன குறைஞ்சு போகும்?”

“நீங்கள் செத்த ஆள் மாதிரி நடிப்பியளோ?”

“பெற்றோல் ஸ்டேஷனில இரவிரவா நிண்டு நான் வேறென்ன செய்யிறன்?”

“பகிடி விடாதேங்கோ. அந்தாள் எங்கட சாவை விக்குது.”

“எல்லாரும் எதையோ விக்கினம். நீர் ஏன் இதைப் பெரிசுபடுத்துறீர்?”

அவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் அவருடைய சிநேகிதர்கள் விட்ட கதைகளுக்கு முன் முதலாளி பச்சைக் குழந்தை. கோப்பை கழுவுகிறவர், பெட்டி அடுக்குகிறவர், எல்லாருக்கும் ஊரில் நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடு, கண்ணுக்கெட்டிய தூரம் வயல், முப்பாட்டன் காலத்தில் ராசாவோடு உறவு. ஒருவர் சொல்லும்போது மற்றவர் தலையாட்டுவார், தன் முறை வரவேண்டுமே.

வெள்ளி பின்னேரம் நான் துணி போர்க்கவில்லை. வேலை உடுப்போடு, கையில் வாளியும் துடைப்பமுமாக நடைபாதை முனையில் நின்றேன். முதலாளி கூட்டத்தை மேலே கூட்டி வந்தார், கையில் மெழுகுதிரி. “அவள் இன்னும் காத்திருக்கிறாள்” என்று குரலை நடுங்கவிட்டார். நான் லைட்டைப் போட்டேன்.

“குட் ஈவினிங். இந்த அறைகளைத் துப்புரவு செய்வது நான். அந்த அம்மா கண்டது என்னைத்தான். இங்கே ஆயா ஒருத்தரும் சாகவில்லை.”

கூட்டம் என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு கைதட்டினார்கள்.

நான் திகைத்துப்போனேன். முத்துமாலை போட்ட ஒரு பெண் முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள். “கடவுளே, எவ்வளவு குளிர்ந்திருக்கிறது!” என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். பிறகு என்னிடம் குனிந்து, “கப்டன் உன்னை உண்மையாகவே நேசித்தானா?” என்று கேட்டாள்.

“நான் ஈஸ்ட் ஹாமில் இருந்து பஸ்ஸில் வருகிறேன்” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓர் ஆள் படம் எடுத்தான். என்ன சொன்னாலும் இவர்களுக்கு அது வேடிக்கைதான் என்று அப்போதுதான் விளங்கியது. உயிரோடு முன்னால் நின்று பேசுகிறவளைவிட, செத்துப்போன ஒருத்திதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை அல்லவா?

கூட்டம் இறங்கியதும் முதலாளி என்னிடம் வந்தார். ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அருமை! லைட் போட்டது நல்ல யோசனை. அடுத்த வெள்ளியும் இப்படியே செய்.”

“நான் இனி வரமாட்டேன்.”

“ஏன்? உனக்கு நடிப்பு நன்றாக வருகிறதே!”

வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு, மேலங்கியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அயர்லாந்துக்காரி பின்கதவுவரை வந்து கட்டிப்பிடித்தாள். பஸ்ஸில் அழுவேன் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை. அந்தப் பெண் பிடித்த கையைத்தான் திரும்பத் திரும்பப் பாவாடையில் துடைத்தேன்.

அடுத்த மாதம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. சத்திரத்தில் இப்போது எனக்குப் பதிலாக, நாடகம் படிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெட்டை முகத்தில் மண்ணிற மை பூசிக்கொண்டு நடக்கிறாளாம். என்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்று ஆட்கள் சொல்கிறார்களாம். அயர்லாந்துக்காரிதான் போனில் சொன்னாள். தொண்ணூறுகளின் நடுவில் முதலாளி சத்திரத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். அங்கே வெயிலில் குந்தியிருந்து என்ன கதை விடுகிறாரோ தெரியாது. கேட்பதற்கு ஆட்கள் இருப்பார்கள்.