மஞ்சள் பட்ட உறை

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். இயந்திரவியலில் பி.இ. முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது; மேற்படிப்புக்கு வெளிநாடு போகத் துடித்துக்கொண்டிருந்தேன்.

துடித்தேன் என்பதைவிடப் பயந்துகொண்டிருந்தேன் என்பதே சரி. தி.நகரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருந்தேன். என் மதிப்பெண்களைப் பார்த்த மாத்திரத்தில், "உங்க மார்க்குக்கு நாங்க சொல்ற காலேஜ்தான் மேடம் கிடைக்கும்" என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உங்கள் தயவே வேண்டாம், நானே தேடிக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பின் ஆறு மாதம், அடையாறில் ஒரு நூலகமே கதி. ஒரு நீள நோட்டு போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். எந்த நாட்டில் எந்தப் படிப்பு, எந்த மொழியில் பாடம், என்னென்ன சான்றிதழ், அந்த ஊர் அலுவலகம் எத்தனை மணிக்கு மூடும் என்பதுவரை. டெலிகிராமில் மூன்று குழுக்களில் சேர்ந்து, முன்பின் தெரியாதவர்கள் போட்டதையெல்லாம் வேதவாக்காகக் குறித்துக்கொண்டேன். யாருக்காவது விசா மறுத்துவிட்டார்கள் என்று படித்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நேராக ஒரு மெயில் போட்டுக் கேட்டதில்லை. என் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ, கேள்வி கேட்டதற்கே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம்.

தேடித் தேடி, ஜெர்மனியில் ஒரே ஒரு இடம் என் மார்க்குக்கும் எங்கள் வசதிக்கும் பொருந்தியது. அவர்கள் வைத்த நிபந்தனைதான் மலைக்க வைத்தது. மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் தேர்வு அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தர வேண்டும். பிரித்தால் செல்லாது. மூன்று வாரம் நடையாய் நடந்து, வியாழன் மாலைதான் அந்த உறை கைக்கு வந்தது. சனிக்கிழமை கூரியரில் போட்டால்தான் கடைசித் தேதிக்குள் போய்ச் சேரும். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால், உறையின் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம்.

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எதுவும் மஞ்சள் படாமல் வெளியே போகாது. என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டிலிருந்து அப்பா வண்டியின் ஆர்.சி. புத்தகம்வரை எல்லாவற்றுக்கும் அம்மாவின் விரல் அடையாளம் உண்டு. அன்று மஞ்சளில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. ஒரு மூலையிலிருந்து வழிந்து, ஒட்டிய இடத்துக்கே வந்திருந்தது. கையெழுத்து பாதி கரைந்து, முத்திரை ஊதாக் கறையாகப் பரவிக் கிடந்தது.

நான் போட்ட கூச்சலில் அம்மா பதறிப்போய், முந்தானையால் துடைத்தாள். மிச்சமிருந்த கையெழுத்தும் போனது. "நல்லதுக்குத்தானேம்மா வச்சேன்" என்றாள். "உன் மஞ்சளால என் வாழ்க்கையே போச்சு. இனிமே என் பொருள் எதையும் தொடாத" என்று கத்தினேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

கல்லூரியில் மறுபடி கேட்டால் இன்னும் மூன்று வாரம். கை கால் ஓடாமல் டெலிகிராம் குழுவில் கேட்டேன். ஒருவர் உடனே பதில் போட்டார்: உறையைப் பிரித்துப் புது உறையில் போடுங்கள், அதே மாதிரி ஒரு சீல் செய்து அடித்துவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன்.

ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் சின்னக் கடை. தலையில் துப்பட்டா போட்ட, என் வயதுப் பெண் ஒருத்திதான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். வியர்த்து வழிய, ஒரு காலேஜ் சீல் வேண்டும் என்றேன்.

"காலேஜ் சீலா? லெட்டர்பேட்ல எழுதி வாங்கினு வந்துகீறியா?"

"இல்ல, காலேஜ் ஆபீஸ்லேர்ந்துதான் அனுப்பினாங்க. அவசரம்."

"உன் பேருக்குன்னா பத்து நிமிஷத்துல தரேன். காலேஜ் சீல்னா லெட்டர் இல்லாம தொட மாட்டேன். இன்னா மேட்டரு, அத்த சொல்லு மொதல்ல."

பொய்யைத் தொடர எனக்குத் தெம்பு இல்லை. உறையை எடுத்து நீட்டி, அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவள் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள்.

"மஞ்சளா இது? இன்னும் பிரிக்கல இல்ல?"

"பிரிக்கல."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? போட்டோ புட்ச்சி அவங்களுக்கே அனுப்பி, இப்படி ஆயிட்ச்சின்னு கேளேன்."

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"சொன்னாலும் நான் சீல் குடுக்க மாட்டேன்" என்றாள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் பல்கலைக்கழகத்துக்கு என் முதல் மெயிலை எழுதினேன். கறை எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டுமே. மஞ்சள் என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? ஆறு மாதம் அந்த ஊரைப் பற்றியே படித்தவள், முதல்முறையாக எங்கள் வீட்டைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. 'முக்கியமான காகிதம் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று என் அம்மா ஆசீர்வாதமாக இதை வைப்பார்' என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். உறையின் படத்தோடு அனுப்பிய பிறகுதான், காலையில் அம்மாவை என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமைகளில் அந்த அலுவலகம் அவர்கள் நேரப்படி மதியம் மூடிவிடும், நமக்கு மூன்றரை மணி. நோட்டில் நானே எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போகப் பயந்து, திருமயிலை பிளாட்பாரத்திலேயே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனை ரயில் வந்து போனது என்று தெரியாது. மூன்று இருபதுக்குப் பதில் வந்தது. உறை பிரிக்கப்படாமல் இருந்தால் போதும், அப்படியே அனுப்புங்கள், உங்கள் படத்தையும் விளக்கத்தையும் விண்ணப்பத்தோடு சேர்த்துவிட்டோம் என்று இரண்டே வரி. அந்தச் சீல் அடித்திருந்தால், அவர்கள் ஏற்க இருந்த உறையை நானே செல்லாததாக்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து, "ஏத்துக்கிட்டாங்கம்மா" என்றேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் உறையைக் கூரியரில் போட்டேன். அட்மிஷன் கிடைத்தது. ஆகஸ்டில் விசாவோடு பாஸ்போர்ட்டும் வந்தது. வழக்கமாக முதல் ஆளாக ஓடி வரும் அம்மா, மஞ்சள் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றாள். "இதுல வைக்கக் கூடாதுல்ல?" என்று என்னைக் கேட்டாள். ஒரு சுடுசொல்லை அம்மா மூன்று மாதம் மனதில் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் வைக்க முடியாது. என் நீள நோட்டை எடுத்து நீட்டினேன். நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கும்போது அவள் விரல் தயங்கித் தயங்கித்தான் பட்டது.

அந்த நோட்டு இன்று ஜெர்மனியில் என் மேசைமேல் இருக்கிறது. இங்கே படிக்க வர ஆசைப்படும் ஜூனியர்களுக்கெல்லாம், எதுவானாலும் பயப்படாமல் நேரே கேட்டுவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்; அம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைத்தான் இன்னும் கேட்கவில்லை.