காப்புக்கு மறுநாள் காங்கிரீட்

என் வீட்டுக்காரர் செபஸ்தியானுக்கு எதையும் இரண்டு தடவை சரிபார்க்காவிட்டால் சோறு இறங்காது. பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். டீச்சரான நான்கூடப் பிள்ளைகளின் கணக்கை ஒரு தடவைதான் திருத்துவேன். அந்தக் குணத்துக்காகவே கோட்டையூர்க் காண்டிராக்டர் சத்தியமூர்த்தி அவரைத் தன் கிடங்குக்குப் பொறுப்பாக வைத்திருந்தார். ஒரு மண்வெட்டிகூட இவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையை முழுசாக இவரிடம் கொடுத்தார் காண்டிராக்டர். "தளம் நல்லபடியா அமைஞ்சா அடுத்த வேலையும் ஒனக்குத்தான். இல்லேன்னா பழையபடி கிடங்குச் சாவியப் பிடிச்சுக்க" என்றும் சொல்லிவிட்டார். கிடங்கில் கிடந்து அலுத்துப்போன மனுஷனுக்கு அது போதாதா? வீட்டில் பேச்செல்லாம் தளத்தைப் பற்றித்தான்.

கூரைக்குக் காங்கிரீட் தளம் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நின்ற இடம் சரியாக ஒட்டாது, மழைக்கு ஒழுகும். பங்குனியில் ஒரு புதன்கிழமையைக் குறித்தார். கலவை மெஷின்காரரைக் கேட்டார். அந்த நாளை விட்டால் மெஷின் தேவகோட்டைக்குப் போய்விடும் என்றார். லாரி டிரைவரைக் கேட்டார், தண்ணீர் வண்டிக்காரரைக் கேட்டார், கொத்தனார்களைக் கேட்டார். காங்கிரீட் அன்று ஆட்களுக்குக் கறிச்சோறு போட வேண்டும் என்று ஒரு கிடாவையும் வாங்கிக் கட்டினார். எங்களுக்கோ தவக்காலம், ஈஸ்டர் வரை கறி தொடமாட்டோம். "நமக்கா வாங்குனேன்? வேலை செய்யிறவங்களுக்கு" என்று என் வாயை அடைத்தார்.

இத்தனை பேரைக் கேட்டவர் கலவைச் சட்டி சுமக்கும் பெண்களைக் கேட்கவில்லை. அவர்கள் மேலப்பட்டிக்காரர்கள்; பொன்னுத்தாயி என்பவள்தான் அவர்களுக்குத் தலைவி. செவ்வாய் சாயங்காலமே வந்து கொட்டகையில் தங்கி, புதன் பகலும் இரவுமாக முடித்துக் கொடுப்பார்கள் என்று இவராகவே நினைத்துக்கொண்டு, கொத்தனாரிடம் கிழமையை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

செவ்வாய் சாயங்காலம் ஒருத்தியும் வரவில்லை. சைக்கிளை எடுத்தார். நானும் கேரியரில் ஏறிக்கொண்டேன். மேலப்பட்டி எல்லையிலேயே வேப்பிலைத் தோரணம் ஆடியது. பொன்னுத்தாயியின் கையில் மஞ்சள் கயிறு.

"என்னப்பு, இருட்டுற நேரத்துல வந்திருக்கீக?" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தாள். "மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டியாச்சே! இனித் திருவிழா முடியிற மட்டும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. பகல்ல வாரோம். பொழுது சாயுமுன்ன ஊருக்குள்ள வந்துறணும். முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தீகன்னா, ஊர்க் கூட்டத்துல சொல்லிக் காப்பை அடுத்த செவ்வாய்க்குத் தள்ளியிருப்போம்ல?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. திரும்பும் வழியில் மிதித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சைக்கிளை அமராவதிபுதூர்ப் பாதைக்குத் திருப்பினார். அங்குட்டுத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள். மாதா கோயில் வாசலில் நின்றவர்களிடம் அவர் ஒளிக்காமல் சொன்னார். "தப்பு என்னோடது. ஆள் ரெண்டு மடங்கு இருந்தா வெளிச்சத்திலேயே முடிச்சிரலாம்." எருக்கூடை சுமந்து பழகிய பெண்கள், வருகிறோம் என்றார்கள்.

புதன் விடிந்ததும் வேலை தொடங்கியது. அமராவதிபுதூர்க்காரர்களை மணலுக்கும் ஜல்லிக்கும் விட்டார். சாரத்தில் வரிசையாக நின்று சட்டி கைமாற்றும் வேலை மேலப்பட்டிக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் கூத்து. காப்புக் கட்டியவர்கள் கறி தொடமாட்டார்கள், தாளித்ததும் ஆகாது. எங்களுக்குத் தவக்காலம். நான் வைத்த தாளிக்காத சாம்பாரை இரண்டு ஊரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டது. கிடா எங்களைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வெயில் தணிந்துவிட்டது. கிழக்கு மூலை இன்னும் பாக்கி. என் வீட்டுக்காரர் சாரத்தடியில் போய் நின்றார்.

"யக்கா, லாரி நிக்குது. நீங்க எல்லாரும் கிளம்புங்க."

"மூலை கெடக்கே அப்பு. ஒங்க வேலை என்னாகுறது?"

"அது எம்பாடு. நீங்க பொழுதோட ஊரு போய்ச் சேருங்க."

பொன்னுத்தாயி கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த எங்கள் பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்குட்டு ஏறி வாங்கத்தா. ஆளுக்கு ஒருத்தி பக்கத்துல நில்லுங்க." ஒவ்வொரு மேலப்பட்டிக்காரி அருகிலும் எங்கள் பெண் ஒருத்தி நின்று இரண்டு சட்டி சேர்ந்து வாங்கினாள், கை பழகியதும் மேலப்பட்டிக்காரி நழுவி இறங்கினாள். சட்டி ஒன்றுகூடத் தரையில் படவில்லை. கடைசியாக உச்சியில் நின்ற பொன்னுத்தாயி இறங்க வேண்டும், அந்த இடத்துக்கு ஆளில்லை. நான் சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். சாக்பீஸ் பிடித்த கை. முதல் சட்டியிலேயே தோள் இற்றுவிட்டது. "குனியாம வாங்குங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு அவள் லாரிக்கு ஓடினாள்.

இருட்டுவதற்குள் மூலை முடிந்தது. ஐப்பசி மழைக்குச் சொட்டுகூட ஒழுகவில்லை. அடுத்த வேலையும் அவருக்கே வந்தது. கிடா மட்டும் ஈஸ்டர் வரை சுகமாக இருந்தது. ஈஸ்டர் அன்றைக்கு, காப்பு அவிழ்த்திருந்த மேலப்பட்டிப் பெண்களும் வந்து எங்களோடு சாப்பிட்டார்கள்.

மறு வருஷம் மாசிக் கடைசியில், மேலப்பட்டி ஊர்ப் பெரியவர் மலையாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றார். "காப்புக்கு நாள் குறிக்கக் கூட்டம் போட்டிருக்கோம். வார செவ்வாயில கட்டலாமா? ஒங்களுக்குக் காங்கிரீட்டு எதுவும் இருக்கா?"

மாரியம்மன் காப்புக்கு வேதக்காரரான எங்களிடம் நாள் கேட்கிறார்கள்! என் வீட்டுக்காரர், "இருங்கய்யா, எதுக்கும் பொன்னுத்தாயி அக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார்.

"நல்லாக் கேட்டீக போங்க" என்று சிரித்தார் மலையாண்டி. "அதுதானே என்னைய அனுப்புச்சு."

என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.