முனிரத்தினம் படித்த மனைப் பாடம்

முனிரத்தினம் போய்விட்டான் என்று அவன் மகன் வந்து சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளிக்கக்கூடத் தோன்றவில்லை. அரக்கோணம் ரயில்வே அலுவலகத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. திருத்தணியிலிருந்து ஒரே ரயிலில் போய்வருவோம். உறவு எதுவும் இல்லாவிட்டாலும் மச்சான் முறை வைத்து என்னைத் தெலுங்கில் ‘பாவா’ என்றுதான் அழைப்பான்.

எழுபதுகளில் அவன் மனை வாங்குவது எப்படி என்று தபாலில் பாடம் படித்தது எங்கள் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். மெட்ராஸிலிருந்து மாதம் ஓர் உறை வரும். ரயிலில் மடிமேல் விரித்துப் படிப்பான்.

“நிலம் வாங்க துட்டு வேணும், படிப்பு இன்னாத்துக்குய்யா?” என்று பெட்டியே கேலி செய்யும்.

“துட்டு குடுக்கறவரைக்கும்தான் கேள்வி கேக்க முடியும். இன்னா கேக்கணும்னு இதுல போட்டுகிறான்” என்பான். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

பிறகு நானே ஒரு மனையை விலை பேசினேன். மனைவியின் வளையல்களை விற்ற பணம் அது. வேறு சேமிப்பு எங்களுக்கு இல்லை. பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாட்சிக் கையெழுத்துக்கு அவனைக் கூப்பிட்டேன்.

“தாய்ப்பத்திரம் படிச்சியா பாவா?”

“அது தெலுங்குல கீது. பழசுதானே, வுடுப்பா.”

எங்கள் ஊர் முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால் பழைய பத்திரங்கள் பலவும் தெலுங்கில் இருக்கும். எங்களில் தெலுங்கு பேசுகிறவர்களுக்குக்கூடப் படிக்க வராது. மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவோம். முனிரத்தினம் விடவில்லை.

“படிக்காம கையெழுத்து போடாதன்னு பாடத்துல கீது. நான் போடமாட்டேன்.”

“உன் பாடத்தக் கொண்டும்போய் ஏரில போடு!” என்று கத்தினேன். அவன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, தெலுங்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் என்னை இழுத்துப் போனான். அவர் படித்துச் சொன்னார்: மனையின் மேற்குப் பாதி, மலைத் தண்ணீர் ஏரிக்குப் போகும் பொதுக் கால்வாய். புதர் மண்டியிருந்ததால் அது என் கண்ணில் படவே இல்லை.

விற்க வந்தவரும் பாவம், அதைப் படித்தவரில்லை. “எனக்கே தெரியாதுங்க” என்று வருந்தி, மேட்டில் இருந்த தன் இன்னொரு மனையைக் கொடுத்தார். அந்த ஐப்பசியில் கால்வாயில் முழங்கால் ஆழம் தண்ணீர் ஓடியது. நானும் மனைவியும் எங்கள் மேட்டில் நின்று அதைப் பார்த்தோம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் அவன் பத்திரம் பார்த்துச் சொன்னவைதான். அவன் மட்டும் வாங்கவில்லை. எந்த மனையிலும் ஒரு குறை தென்பட்டுவிடும். “எனக்குப் பாக்கத்தான் வருது பாவா, வாங்க வரல” என்று அவனே சிரிப்பான். கடைசிவரை வாடகை வீடு. அந்தப் படிப்பால் பலன் உண்டா என்று யாராவது கேட்டால், யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காரியம் முடிந்ததும் அவன் மனைவி அந்தப் பாடக் கட்டை என்னிடம் கொடுத்தார். கடைசிப் பாடத்தின் விடைத்தாளை மட்டும் அவன் மெட்ராஸுக்கு அனுப்பவே இல்லை. ‘நீங்கள் வாங்கிய மனையை நான்கெல்லையுடன் விவரிக்கவும்’ என்பது கேள்வி. அதன்கீழ் என் வீட்டின் நான்கு எல்லைகளையும் பிசகாமல் எழுதியிருந்தான். கடைசியில் இரண்டு வரி: ‘இது நான் வாங்கியதல்ல. ஆனால் இங்கே எனக்கு எப்போதும் ஒரு நாற்காலி உண்டு.’

அந்தத் தாளை என் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பின்னால் என் பிள்ளைகள் படிக்கட்டும். அது தமிழில்தான் இருக்கிறது.